எனக்கு ஒண்ணும் இல்ல, அப்ப அவகிட்ட இருந்துதானே வந்திருக்கும்?

வந்த கடிதம், சுருக்கமா

திருச்செங்கோடு பக்கத்துல இருந்து 31 வயசு வாசகர் ஒருத்தர் எழுதியிருக்கார். போர்வெல் போடற ரிக் வண்டில ட்ரில்லர், வருஷத்துல எட்டு மாசம் சத்தீஸ்கர், மத்தியப் பிரதேசம்னு போர் போட்டுட்டு மழை சீசனுக்கு ஊருக்கு வர்றவர். கல்யாணம் ஆகி மூணு வருஷம் ரெண்டு மாசம். மனைவிக்கு இப்ப அஞ்சாவது மாசம், 19 வாரம்னு ஸ்கேன்ல இருக்காம். ஆரம்ப சுகாதார நிலையத்துல எடுத்த ரத்த டெஸ்ட்ல சந்தேகம்னு சொல்லி பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினாங்க, அங்க விடிஆர்எல் 1:16, டிபிஎச்ஏ பாசிட்டிவ் (ரெண்டும் சிபிலிஸ்ங்கற பால்வினை நோய்க்கு எடுக்கற ரத்த டெஸ்ட்), எச்ஐவி நெகட்டிவ்னு வந்திருக்கு. "சிபிலிஸ், புருஷனையும் கூட்டிட்டு வாம்மா, ரெண்டு பேருக்கும் ஊசி போடணும்"னு நர்ஸ் சொன்ன அன்னைக்கு ஆரம்பிச்ச சண்டை இன்னும் ஓயல.

"எனக்கு உடம்புல ஒரு குறையும் இல்லீங்க மேடம், காய்ச்சல்னு படுத்ததுகூட இல்ல. அப்ப அவகிட்ட இருந்துதானுங்களே வந்திருக்கோணும்? நான் எட்டு மாசம் ஊர்ல இல்லாதவன்"னு கேக்கறார். மனைவி குலசாமி மேல சத்தியம் பண்றாங்க, ஒரு கல்யாண மண்டபத்துல பாத்ரூம் போனேன், அதுல தொத்தியிருக்குமோன்னு அழறாங்க. அம்மா "அவங்க வீட்ல கொண்டு போய் விட்டுட்டு வா"ங்கறாங்க. வக்கீல்கிட்ட குமாஸ்தாவா இருக்கற மாமா ஒருத்தர் இந்த ரிப்போர்ட் ஒண்ணு போதும், டைவர்ஸ் கிடைக்கும்னு சொல்லியிருக்கார். நடுவுல ஒரு நாள் "ஆத்திரத்துல ஒரு அறை விட்டுட்டேன்". கலைச்சிடலாமான்னும் ஒரு கேள்வி. ரிப்போர்ட் வந்து பன்னெண்டு நாள் ஆச்சு.

கடைசில, போகிற போக்குல மூணு வரி எழுதியிருக்கார். ஒண்ணு, கல்யாணத்துக்கு அஞ்சு மாசம் முன்னாடி ராய்ப்பூர் பக்கம் வேலையில இருந்தப்ப ரெண்டு தடவை தப்பான இடத்துக்குப் போனது, அப்ப உறுப்புல ஒரு புண்ணு வந்து, "வலியே இல்ல, மெடிக்கல்ல ஆயின்மெண்ட்டும் நாலு மாத்திரையும் வாங்கினேன், தன்னால போயிருச்சு". ரெண்டு, அதுக்கப்புறம் ஒருவாட்டி ட்ரில்லிங் தூசு அலர்ஜி ஆகி உடம்பு பூரா செவப்பா தடிச்சு உள்ளங்கைலகூட வந்தது. மூணு, முதல் குழந்தை ஏழாவது மாசத்துல வயித்துக்குள்ளயே இறந்து போச்சு, "அவ ராசி அப்படிங்க".

பதில்

தம்பி, மத்ததெல்லாம் பேசறதுக்கு முன்னாடி ஒண்ணு கேக்கறேன். ஊசி போட்டாச்சா? உங்க கடிதம் ரெண்டு பக்கம் இருக்கு, யாரால வந்துச்சுன்னு ஒண்ணரைப் பக்கம், ஊசி போட்டோம்னு ஒரு வரிகூட இல்ல. பன்னெண்டு நாளா வீட்ல பஞ்சாயத்து நடந்திருக்கு, வயித்துல இருக்கற குழந்தைக்கு ஒரு சொட்டு மருந்து போகல. அதனால இதைப் படிச்சு முடிச்சதும் நாளைக்கு காலைல ரெண்டு பேரும் அந்த ஆஸ்பத்திரிக்குப் போறீங்க, மிச்சம் இருக்கறதை பஸ்ல உக்காந்து மெதுவா இன்னொருவாட்டி படிச்சுக்கோங்க.

சரி, இப்ப அந்த மூணு வரிக்கு வர்றேன். நீங்க அதை கடைசில, சும்மா ஒரு தகவலா எழுதியிருக்கீங்க. நான் முப்பது வருஷமா தோல், பால்வினை நோய்தான் பாக்கறேன், எனக்கு கடிதமே அங்கதான் ஆரம்பிக்குது.

சிபிலிஸ் கிருமி உள்ள போய் பத்து நாள்ல இருந்து மூணு மாசத்துக்குள்ள, பெரும்பாலும் மூணு வாரம் வாக்குல, போன இடத்துல ஒரு புண்ணு வரும். தொட்டா கெட்டியா இருக்கும், வலிக்காது. இந்த வலிக்காததுதான் இதோட பெரிய ஏமாத்து வேலை, வலிச்சிருந்தா நீங்க அன்னைக்கே டாக்டர்கிட்ட ஓடியிருப்பீங்க. அந்தப் புண்ணு மூணுல இருந்து ஆறு வாரத்துல தானாவே ஆறிடும், நீங்க ஆயின்மெண்ட் போட்டாலும் ஆறும், தேங்காண்ணெய் போட்டாலும் ஆறும், ஒண்ணும் போடாட்டியும் ஆறும். (நம்ம ஊர் மெடிக்கல்காரங்க, மாசத்துக்கு ஒரு நாள் லாட்ஜ்ல ரூம் போட்டு உக்கார்ற வைத்தியருங்க எல்லாம் கைராசிக்காரங்கன்னு பேர் வாங்கினதுல பாதி இந்தப் புண்ணாலதான்.) புண்ணு ஆறிடுச்சுன்னா கிருமி போயிடுச்சுன்னு அர்த்தம் இல்ல, அது ரத்தத்துல இறங்கிடுச்சு.

அடுத்து சில வாரம் கழிச்சு உடம்பு பூரா செம்புள்ளி வரும். அரிப்பு இருக்காது. உள்ளங்கைலயும் உள்ளங்கால்லயும் வரும், தூசு அலர்ஜி அங்க வர்றது அபூர்வம். உங்களுக்கு அரிச்சுதா? நீங்க எழுதல, ஆனா உள்ளங்கைன்னு எழுதியிருக்கீங்க பாருங்க, நான் அந்த வரில பேனாவை வச்சுட்டு கொஞ்ச நேரம் உக்காந்திருந்தேன். அதுவும் தானாவே போயிடும். அதுக்கப்புறம் வருஷக்கணக்குல ஒண்ணுமே தெரியாது, சாப்பிடலாம், கல்லு மண்ணுல பைப் தூக்கலாம், காய்ச்சல்னு ஒரு நாள் படுக்க வேண்டியதில்ல. நாங்க இதை மறைஞ்சிருக்கற நிலைன்னு சொல்லுவோம். நீங்க "ஒரு குறையும் இல்ல"ன்னு எழுதினது பொய்னு நான் சொல்லல. நீங்க சொல்ற அந்த ஒண்ணும் இல்லாத நிலைதான் இந்த நோயோட மூணாவது கட்டத்துக்கு முந்தின கட்டமாவும் இருக்கலாம்னு சொல்றேன். அதை அப்படியே விட்டா பத்து இருபது வருஷம் கழிச்சு இதய மகாதமனில, மூளைல, நரம்புல போய் நிக்கும், எல்லாருக்கும் இல்ல, ஆனா வந்தா திரும்ப சரி பண்றது கஷ்டம்.

கணக்கு போட்டுப் பாருங்க. புண்ணு வந்தது கல்யாணத்துக்கு அஞ்சு மாசம் முன்னாடி. முதல் ஒண்ணு ரெண்டு வருஷம்தான் இது படுக்கைல அதிகமா பரவற காலம், நடுவுல வாயிலயோ உறுப்புலயோ கண்ணுக்குத் தெரியாத சின்ன ஈரப் புண்ணு வந்து போகும், அதுல இருந்து ஒட்டும். உங்க கல்யாணம் சரியா அந்தக் காலத்துக்குள்ள விழுது.

அந்த முதல் குழந்தை

ஏழாவது மாசம் வயித்துல குழந்தை இறக்கறதுக்கு நூறு காரணம் இருக்கு, பிரஷர், சுகர், நச்சுக்கொடி பிரச்சனை, கொடி சுத்தறது, பல நேரம் காரணமே தெரியாமலும் போகும். ஆனா அந்தப் பட்டியல்ல சிபிலிஸ் மேலயே இருக்கு. தாய்க்கு சிபிலிஸ் இருந்து சிகிச்சை இல்லாம விட்டா பாதிக்கும் மேற்பட்ட கர்ப்பத்துல ஏதாவது ஒரு கெடுதல் நடக்கும், கலையும், இல்ல வயித்துலயே இறக்கும், இல்ல குறைமாசத்துல பிறக்கும், இல்ல நோயோடயே பிறக்கும். அதனால உங்க மனைவி ராசின்னு நீங்க எழுதினது, பெரும்பாலும் ராசி இல்ல தம்பி. அந்த வார்த்தையை அவங்க முன்னாடி இனிமே சொல்லாதீங்க, இது வரைக்கும் சொல்லியிருந்தா அதுக்கு மன்னிப்பு கேக்கறதைப் பத்தி நீங்களே யோசிங்க.

பழைய ஃபைல் வீட்ல இருக்கும், பீரோல துணிக்கு அடியில இருக்கும், இந்த மாதிரி ஃபைலை எந்தப் பொண்ணும் தூக்கிப் போட மாட்டா. அதுல அப்ப விடிஆர்எல் எடுத்தாங்களா, எடுத்தா என்ன வந்துச்சுன்னு பாருங்க. ரியாக்டிவ், அதாவது பாசிட்டிவ்னு இருந்தா டாக்டர்கிட்ட காட்டுங்க, நெகட்டிவ்னு இருந்தாலும் காட்டுங்க, ஆரம்ப மாசத்துல எடுத்திருந்தா அதுக்கப்புறம் தொத்தியிருக்கவும் வழி இருக்கு.

நான் பிஜி படிச்சு முடிச்ச புதுசுல ஒரு அம்மா வந்தாங்க, உள்ளங்கால்ல தோல் உரியுதுன்னு. கழுத்துல மூணு தாயத்து. என்னம்மா இதுன்னு கேட்டா, ஒண்ணு ஒண்ணா தொட்டுக் காட்டி இது மூத்தவனுக்கு, இது பொண்ணுக்கு, இது போன வருஷத்துதுன்னாங்க. மூணுமே இறந்து பிறந்தது. யாரும் அதுவரைக்கும் அந்த ஒரு சின்ன ரத்த டெஸ்ட்டை எடுக்கல. ஊசி போட்டோம், அவங்க வீட்டுக்காரருக்கும் போட்டோம், நாலாவது குழந்தை பிறந்து அழுதுச்சு. அந்தக் குழந்தைக்கு பேர் வைக்கிற அன்னைக்கு அந்த வீட்டுக்காரர் என்னைக் கூப்பிட வந்தார், வாசல்லயே நின்னார், உள்ள வரல, தலையைத் தூக்கவும் இல்ல.

ரத்தம் எதைச் சொல்லும், எதைச் சொல்லாது

விடிஆர்எல் 1:16னா ரத்தத்தைப் பதினாறு மடங்கு தண்ணி ஊத்தி நீர்க்கச் செஞ்சும் டெஸ்ட் காட்டுதுன்னு அர்த்தம். மலேரியா, சில வைரஸ் காய்ச்சல், தொழுநோய், உடம்போட எதிர்ப்புசக்தியே உடம்பைத் தாக்கற லூபஸ், ஏன் கர்ப்பம்கூட சில நேரம் விடிஆர்எல்ல பொய்யா பாசிட்டிவ் காட்டும், ஆனா அதெல்லாம் பொதுவா 1:8க்குக் கீழ நிக்கும், அதுவும் இல்லாம டிபிஎச்ஏ நெகட்டிவா வரும். உங்க மனைவிக்கு ரெண்டும் பாசிட்டிவ். அதனால இது நிஜம், லேப் தப்புன்னு இன்னொரு லேப், அதுக்கப்புறம் இன்னொரு லேப்னு அலைஞ்சு நாளைக் கடத்தாதீங்க.

எப்ப வந்துச்சு, யார்கிட்ட இருந்து வந்துச்சுன்னு ரத்தம் சொல்லாது. முதல்ல யாருக்கு டெஸ்ட் எடுக்கறாங்களோ அவங்க பேர்லதான் முதல் ரிப்போர்ட் வரும், அவ்வளவுதான். நம்ம ஊர்ல கர்ப்பம்னு கார்டு போட்ட உடனே பொண்ணுக்கு எச்ஐவியும் சிபிலிஸும் பாத்துடறாங்க, ஆம்பளைக்கு யாரும் கூப்பிட்டு டெஸ்ட் எடுக்கறதில்ல, அதனால குடும்பத்துல எப்பவுமே பொண்ணுதான் முதல்ல மாட்டறா. இதை நான் எத்தனை வீட்ல பாத்திருக்கேன்னு கணக்கு இல்ல. அவங்களுக்கு கல்யாணத்துக்கு முன்னாடி என்ன நடந்துச்சுன்னு எனக்குத் தெரியாது, நான் அவங்களை விசாரிக்கவும் இல்ல. ஆனா கையில இருக்கற கடிதத்தை மட்டும் வச்சு சொல்லணும்னா, புண்ணு வந்ததும் செம்புள்ளி வந்ததும் உங்க உடம்புல, அதை எழுதினதும் நீங்கதான்.

மண்டபத்து பாத்ரூம்ல இருந்து வராது. இந்தக் கிருமி உடம்பை விட்டு வெளிய வந்து காய்ஞ்சா உடனே செத்துடும், சோப்புத் தண்ணிக்கே தாங்காது. அவங்க பாவம், ஏதாவது ஒரு வழி கிடைக்காதான்னு தேடியிருக்காங்க. உங்க அம்மாகிட்டயும் சொல்லுங்க, தட்டு, டம்ளர், துணி இதுல எல்லாம் ஒட்டாது, அவங்களுக்குன்னு தனித் தட்டு எடுத்து வச்சிருந்தா இன்னைக்கே எடுத்துடுங்க.

யார் தலைல கட்டறதுங்கற இந்த சண்டை பழசு. 1490கள்ல நேப்பிள்ஸ்ல பிரெஞ்சுப் படை போனப்ப இந்த நோய் ஐரோப்பால பரவுச்சு, இத்தாலிக்காரங்க அதுக்கு பிரெஞ்சு நோய்னு பேர் வச்சாங்க, பிரெஞ்சுக்காரங்க நேப்பிள்ஸ் நோய்னாங்க, ரஷ்யாவுல போலந்து நோய், துருக்கில கிறிஸ்தவங்க நோய். நாம கப்பல்ல வந்தவன் மேல போட்டு பறங்கிப் புண்ணுன்னோம். உங்க வீட்ல இப்ப மண்டபத்து பாத்ரூம்.

ஊசியைப் பத்தி

பென்சதைன் பென்சிலின், 24 லட்சம் யூனிட். பாக்கறதுக்கு சுண்ணாம்புத் தண்ணி மாதிரி வெள்ளையா கெட்டியா இருக்கும், மெல்லிசு ஊசில அடைச்சுக்கும், அதனால கொஞ்சம் பெரிய ஊசியாத்தான் போடுவாங்க, ரெண்டு இடுப்புலயும் பாதி பாதியா. வலிக்கும், பொய் சொல்லல, அன்னைக்கு பூரா உக்கார முடியாது. எப்ப தொத்துச்சுன்னு உறுதியா தெரியாத உங்க மாதிரி கேஸ்ல வாரத்துக்கு ஒண்ணு, மொத்தம் மூணு வாரம். முதல்ல கையில லேசா குத்தி அலர்ஜி இருக்கான்னு பாப்பாங்க, பென்சிலின் ஒத்துக்காதுன்னு முன்னாடியே தெரிஞ்சா மறைக்காம சொல்லுங்க.

கர்ப்பிணிக்கு இதுக்கு மாத்து மருந்து கிடையாது. டாக்சிசைக்ளின் குழந்தைக்கு ஆகாது, எரித்ரோமைசின் அசித்ரோமைசின் எல்லாம் நச்சுக்கொடியைத் தாண்டி குழந்தைக்கு ஒழுங்கா போய்ச் சேராது, அசித்ரோமைசினுக்கு இந்தக் கிருமி பல இடத்துல பழகியும் போச்சு. அலர்ஜி இருந்தாக்கூட ஆஸ்பத்திரில சேத்து கொஞ்சம் கொஞ்சமா கொடுத்து உடம்பைப் பழக்கி பென்சிலினேதான் போடுவாங்க. அதிசயம் என்னன்னா 1943ல முதன்முதல்ல இதுக்கு பென்சிலின் கொடுத்ததுல இருந்து இன்னைக்கு வரைக்கும் சிபிலிஸ் கிருமி பென்சிலினுக்குத் தப்பிக்கக் கத்துக்கல. வெட்டை நோய் (கொனோரியா) கிருமி ஒவ்வொரு மருந்தா ஏமாத்திட்டே வருது, இது அப்படியே மசியுது. இவ்வளவு சுலபமா குணமாகற நோய்லதான் 2022ல உலகம் பூரா 80 லட்சம் பேருக்குப் புதுசா தொத்தியிருக்குன்னு உலக சுகாதார நிறுவனம் கணக்கு சொல்லுது.

ரெண்டு விஷயம் கவனிங்க. முதல் ஊசி போட்ட அன்னைக்கு ராத்திரி காய்ச்சல், குளிர் நடுக்கம், உடம்பு வலி வரலாம், கிருமி கூட்டமா சாகறதால வர்றது, ஒரு நாள்ல அடங்கிடும். மருந்து ஒத்துக்கலன்னு நினைச்சு அடுத்த ஊசியை நிறுத்திடாதீங்க. ஆனா உங்க மனைவிக்கு வயித்துவலி இழுத்துப் பிடிக்கற மாதிரி வந்தாலோ, குழந்தை அசைவு தெரிய ஆரம்பிச்சிருந்து அது குறைஞ்ச மாதிரி இருந்தாலோ, நேரம் காலம் பாக்காம ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க. ரெண்டாவது, ஏழு நாள்னா ஏழு நாள். கர்ப்பிணிக்கு நடுவுல நாள் ரொம்ப தள்ளிப்போச்சுன்னா மறுபடியும் ஒண்ணுல இருந்து மூணு போட வேண்டியிருக்கும். பிரசவத்துக்கு ஒரு மாசம் முன்னாடியாவது முடிஞ்சிருக்கணும், உங்களுக்கு அதுக்கு நிறைய நேரம் இருக்கு, 19 வாரத்துல கண்டுபிடிச்சது உண்மையிலயே நல்ல நேரம்தான்.

இதுக்கப்புறமும் அவங்களுக்கு விடிஆர்எல் எடுத்துப் பாத்துட்டே இருப்பாங்க. 16 இருந்தது போகப்போக 4க்கோ அதுக்குக் கீழயோ இறங்கணும், அதுக்கு ஆறு மாசம் ஒரு வருஷம்கூட ஆகும், இறங்கினது திரும்ப ஏறினா மறுபடி தொத்தியிருக்கலாம், இல்ல சிகிச்சை சரியா வேலை செய்யாம இருக்கலாம்னு அர்த்தம். டிபிஎச்ஏ மட்டும் பெரும்பாலானவங்களுக்கு ஆயுசுக்கும் பாசிட்டிவாவே இருக்கும், குணமான பிறகும். நாளைக்கு நீங்க வளைகுடாவுக்குப் போகலாம்னு மெடிக்கல் எடுத்தா இது வந்து நிக்கும், அப்ப காட்ட சிகிச்சை சீட்டை பத்திரமா வச்சுக்கோங்க. பிரசவம் பெரிய ஆஸ்பத்திரிலயே பாத்துக்கோங்க, குழந்தை பிறந்ததும் அதுக்கும் ரத்தம் எடுத்து அம்மாவோட அளவோட ஒப்பிட்டுப் பாப்பாங்க, சந்தேகம் இருந்தா குழந்தைக்கும் பத்து நாள் பென்சிலின் போடுவாங்க. குழந்தை டாக்டர்கிட்ட இதை மறைக்காதீங்க.

உங்களுக்கு என்ன செய்யணும்

அரசு ஆஸ்பத்திரில நம்பிக்கை மையம்னு ஒரு ரூம் இருக்கும், எச்ஐவிக்கு. சுகவாழ்வு மையம்னு பால்வினை நோய்க்கு. ரெண்டும் இலவசம். பெரிய ஆஸ்பத்திரில கேட்டா காட்டுவாங்க, போன்லயே கேக்கணும்னா 1097. விடிஆர்எல், டிபிஎச்ஏ ரெண்டும் வேணும்னு சொல்லிக் கேளுங்க, ஏன்னா பழைய சிபிலிஸ்ல விடிஆர்எல் தானாவே நெகட்டிவ் ஆகியிருக்கலாம், அதை மட்டும் எடுத்துட்டு "பாத்தியா, எனக்கு இல்ல"ன்னு வீட்டுக்கு வந்து கத்தினவங்களை எனக்குத் தெரியும். கூடவே எச்ஐவி, ஹெபடைட்டிஸ் பி, சி. சிபிலிஸ் புண்ணு இருக்கற உடம்புல எச்ஐவி சுலபமா நுழையும், ரெண்டும் ஒரே வழில வர்றதுதானே. மனைவிக்கு எச்ஐவி நெகட்டிவ்னா உங்களுக்கும் நெகட்டிவ்னு அர்த்தம் இல்ல, உங்க ரத்தத்தை உங்ககிட்டதான் எடுக்கணும். எச்ஐவி டெஸ்ட்டை உங்க சம்மதம் இல்லாம யாரும் எடுக்கக்கூடாது, ரிசல்ட்டை வெளிய சொல்லவும் கூடாது, 2017ல வந்த சட்டமே இருக்கு, அதனால பயப்படாம போங்க.

கல்யாணத்துக்கு அப்புறம் எங்கயும் போகலன்னு எழுதியிருக்கீங்க. நம்பறேன். ஆனா அங்க உக்கார்ற கவுன்சலர்கிட்டயும் டாக்டர்கிட்டயும் உண்மை எதுவோ அதைச் சொல்லுங்க, அவங்களுக்கு உங்க ஒழுக்கத்துல அக்கறை இல்ல, கடைசியா எப்பங்கற தேதி மட்டும் வேணும், மூணு மாசத்துக்குள்ளன்னா எச்ஐவி திரும்ப ஒருதடவை எடுக்கணும், வாய் வழி உறவும் கணக்குல சேரும். ஆணுறை போட்டிருந்தாலும் சொல்லுங்க, ஆணுறை நல்லாவே காப்பாத்தும், ஆனா இந்தப் புண்ணு ஆணுறை மூடாத இடத்துலயும் வரும்.

மனைவிக்கு உறுதியா இருக்கறப்ப கணவருக்கும் சேத்து போடறதுதான் வழக்கம். நோயோட வயசைப் பொறுத்து உங்களுக்கும் மூணு ஊசி வரலாம். பென்சிலின் ஒத்துக்கலன்னா உங்களுக்கு டாக்சிசைக்ளின் நாலு வாரம் கொடுக்கலாம், நீங்க கர்ப்பமா இல்லயே. ரெண்டு பேருக்கும் கடைசி ஊசி முடிஞ்சு ஒரு வாரம் ஆகற வரைக்கும் தனித்தனியா படுங்க. நீங்க ரத்த தானம் பண்ற பழக்கம் உள்ளவர்னா, அதையும் நிறுத்துங்க.

உங்களுக்கு ரெண்டு டெஸ்ட்டும் நெகட்டிவ்னு வந்தா? கேப்பீங்கன்னு தெரியும். உங்க கடிதத்தைப் படிச்ச பிறகு எனக்கு அப்படி வரும்னு தோணல, வந்தா அந்தப் பேச்சை ஒரு கவுன்சலர் முன்னாடி உக்காந்து ரெண்டு பேரும் பேசிக்கலாம், அப்பவும் மூணு ஊசியும் முதல்ல, பேச்சு அப்புறம்.

கலைக்கறது, டைவர்ஸ், அந்த ஒரு அறை

கலைக்க வேண்டிய மருத்துவக் காரணம் இப்ப இல்ல. ஸ்கேன்ல குழந்தைக்கு கல்லீரல் வீக்கம், நீர் கோத்தல் இருக்கான்னு பாப்பாங்க, இல்லன்னா ஊசி போட்டுட்டு தைரியமா இருக்கலாம். இன்னொண்ணும் தெரிஞ்சுக்கோங்க, கருக்கலைப்புக்கு சட்டப்படி 18 வயசு தாண்டின பொண்ணோட சம்மதம் மட்டும்தான் வேணும். புருஷன் சம்மதம் தேவையும் இல்ல, புருஷனோ மாமியாரோ சொல்லிக் கலைக்கவும் முடியாது. உங்க கடிதத்துல கலைச்சிடலாமான்னு நீங்க கேக்கறீங்க, அவங்க என்ன சொன்னாங்கன்னு எங்கயும் இல்ல.

மாமா சொன்னதுல ஒரு பாதி உண்மை. இந்து திருமணச் சட்டம் 1955, பிரிவு 13ல தொத்தக்கூடிய நிலைல பால்வினை நோய் இருந்தா விவாகரத்து கேக்கலாம்னு இருக்கு. முன்னாடி தொழுநோயும் அந்தப் பட்டியல்ல இருந்துச்சு, 2019ல எடுத்துட்டாங்க, இதை எடுக்கல. நான் வக்கீல் இல்ல, இருந்தாலும் ரெண்டு கேள்வி கேக்கறேன், மாமாகிட்ட கொண்டு போங்க. மூணு வாரத்துல குணமாகிடற நோய், கேஸ் கோர்ட்டுக்கு வர்றப்ப தொத்தக்கூடிய நிலைல இருக்குமா? அப்புறம், அதே பிரிவு பொண்டாட்டிக்கும் பொருந்தும்ல, கோர்ட்ல முதல் கேள்வியே "உங்க ரிப்போர்ட் எங்க"ன்னு வந்தா? தன்னோட தப்பையே வச்சு யாரும் லாபம் எடுக்கக்கூடாதுன்னு அதே சட்டத்துல 23வது பிரிவு சொல்லுது, அதையும் மாமா படிச்சிருப்பார்.

அறைஞ்சதைப் பத்தி "ஆத்திரத்துல"ன்னு எழுதியிருக்கீங்க. அஞ்சு மாச கர்ப்பிணி. 2005ல வந்த குடும்ப வன்முறைச் சட்டப்படி அது குற்றச்சாட்டுக்கு உரிய விஷயம், அவங்களை அந்த வீட்டை விட்டு வெளிய அனுப்பவும் உங்களுக்கோ உங்க அம்மாவுக்கோ உரிமை கிடையாது. இந்தப் பக்கத்தை ஒருவேளை அவங்களே படிச்சாங்கன்னா, அம்மா, 181னு ஒரு நம்பர் இருக்கு, ராத்திரிலயும் எடுப்பாங்க. தம்பி, அவங்க அம்மா வீட்டுக்குப் போகணும்னு அவங்களா ஆசைப்பட்டா அது வேற, அப்படிப் போனா மூணு ஊசியும் அங்க பக்கத்துல எங்க கிடைக்கும்னு நீங்க விசாரிச்சு சீட்டு வாங்கிக் கொடுத்து அனுப்புங்க.

அவங்ககிட்ட எப்படிப் பேசறது

ராய்ப்பூர் விஷயம் அவங்களுக்குத் தெரியாதுன்னு நினைக்கறேன். சொல்லியே ஆகணுமான்னு நீங்க கேக்கல, ஆனா கடிதம் பூரா அந்தக் கேள்வி ஒளிஞ்சிருக்கு. இதுல நான் உத்தரவு போட மாட்டேன். ஆனா ஒரு பொண்ணு பன்னெண்டு நாளா தான் செய்யாத தப்புக்கு எந்த பாத்ரூம்னு யோசிச்சுட்டு உக்காந்திருக்கா, அவளுக்கு உங்களைத் தவிர வேற யாரும் பதில் சொல்ல முடியாது. முழுக்கச் சொல்ல வாய் வரலன்னா ஒரே ஒரு வாக்கியம் போதும், "என்கிட்ட இருந்துதான் வந்திருக்கணும்". கவுன்சலர் முன்னாடி சொல்லணும்னா அதுக்கும் வழி இருக்கு, நம்பிக்கை மையத்துல அதைத்தான் தினமும் பண்றாங்க. கோபப்படுவாங்க, அழுவாங்க, பேசாம இருப்பாங்க, பேசாம இருக்கறது நாள்கணக்குல போகலாம், நீங்க அதுக்குத் தயாரா இருக்கணும்.

அம்மாவுக்கு எதுவும் விளக்க வேண்டியதில்ல. "எனக்கும்தான் ஊசி போட்டிருக்காங்க, இனி யாரும் அவகிட்ட இதைப் பத்தி பேசக்கூடாது"ன்னு நீங்க சொன்னா அவங்களுக்குப் புரியும், அவங்களும் உலகம் பாத்தவங்கதான். மாமாவுக்கு அதுகூட வேண்டாம்.

ரிக் வண்டில உங்ககூட ஆறேழு பேர் இருப்பாங்க. ராய்ப்பூர்ல அன்னைக்கு உங்ககூட வந்தவங்களும் இருப்பாங்க, அவங்களுக்கும் கல்யாணம் ஆகியிருக்கும். அவங்ககிட்ட உங்க கதையைச் சொல்ல வேண்டாம், ஒரு டெஸ்ட் எடுத்துக்கோன்னு மட்டும் சொல்லுங்க.

நாளைக்குப் போறப்ப எடுத்துட்டுப் போக வேண்டியது: அவங்க கர்ப்பிணி கார்டு, இந்த ரிப்போர்ட், ஸ்கேன், பீரோல இருக்கற பழைய ஃபைல், ரெண்டு பேர் ஆதார். அவங்க சாப்பிட்டுட்டு வரட்டும், வெறும் வயித்துல ஊசி போட்டா சிலருக்கு மயக்கம் வரும். திரும்பி வர்றப்ப பஸ்ல ஜன்னல் சீட்டு வேண்டாம், நின்னுட்டே வர்றதுதான் அவங்களுக்கு சுகமா இருக்கும், நீங்களும் ஊசி போட்டிருந்தா நீங்களும் நின்னுட்டுதான் வருவீங்க. மூணாவது ஊசி முடிஞ்சதும் உங்க ரிப்போர்ட் என்னன்னு எனக்கு எழுதுங்க.